கோடு விழுவதற்கு முன் அளவைச் சொல்லுங்கள்: மலேசியத் தேர்தல் ஆணையத்துக்குத் திறந்த மடல்

மலேசியத் தேர்தல் ஆணையத்தின் தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

தீபகற்ப மலேசியாவின் தொகுதி எல்லைகளை மறுபடியும் வரைவதற்கு அரசமைப்பு விதித்திருக்கும் எட்டு ஆண்டு இடைவெளி 2026 மார்ச் மாதத்தோடு நிறைவடைகிறது. இப்போதைய எல்லை வரைபடம் 2018 மார்ச் 28 அன்று மக்களவையில் 129க்கு 80 என்ற வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்தத் தீர்மானத்தை அன்றைய பிரதமரே தாக்கல் செய்தார். அடுத்த பத்தே நாளில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. மே 9 அன்று, வாரத்தின் நடுநாளான புதன்கிழமையில், புதிய எல்லைகளுக்குள் நின்று நாங்கள் வாக்களித்தோம். அந்த வரைபடத்தின் எந்தக் கோடு எந்தக் காரணத்துக்காக அந்த இடத்தில் விழுந்தது என்பதற்கு, என்னைப் போன்ற சாதாரண வாக்காளர் நம்பி ஏற்கத்தக்க விளக்கம் இன்று வரை கிடைக்கவில்லை. அடுத்த வரைபடமும் அதே முறையில் எங்கள் தலையில் வந்து இறங்குவதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் சிலாங்கூரில், கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்துத் தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்றில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினன் அல்லன். எந்தக் கட்சிக்குச் சாதகமாகவும் எல்லை வரையப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாருக்கும் சாதகமாக வரையப்படக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

2022 நவம்பரில் நடந்த 15ஆவது பொதுத் தேர்தலில் நாட்டின் வாக்காளர்கள் 21,173,638 பேர். நாடாளுமன்றத் தொகுதிகள் 222. சமமாகப் பிரித்தால் ஒரு தொகுதிக்குச் சுமார் 95,000 பேர் வருவார்கள். ஆனால் பாங்கி தொகுதியில் 303,430 பேரும், சரவாக்கின் ஈகான் தொகுதியில் 28,290 பேரும் இருந்தார்கள். இரண்டு தொகுதிகளும் மக்களவைக்கு ஆளுக்கோர் உறுப்பினரைத்தான் அனுப்பின. ஈகானில் ஒருவர் இட்ட ஒரு வாக்குக்கு இருந்த எடையைப் பெற பாங்கியில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

இந்த ஒப்பீட்டைச் சொன்ன மாத்திரத்தில் வரும் பதில் எனக்குத் தெரியும். சரவாக்கின் உட்பகுதிகளில் சாலை இல்லை, ஆற்றில் படகேறித்தான் வாக்காளரைப் பார்க்க முடியும், ஆகவே கிராமப்புறத் தொகுதிகளில் வாக்காளர் தொகை குறைவாக இருக்கலாம் என்று அரசமைப்பின் 13ஆவது அட்டவணையே இடம் தருகிறது என்பார்கள். அது நியாயமான வாதம், நானும் ஏற்கிறேன். ஏறத்தாழ பகாங் மாநிலத்தின் பரப்பளவுள்ள ஹுலு ராஜாங் தொகுதியின் உறுப்பினரையும், ஒரு நாள் மாலையிலேயே தன் தொகுதியைச் சுற்றி வந்துவிடக்கூடிய நகர உறுப்பினரையும் ஒரே எண்ணிக்கையால் அளப்பது சரியாகாது. எனவே சபா, சரவாக் இரண்டையும் இந்த மடலில் ஒதுக்கி வைக்கிறேன். மலேசியா உருவான 1963இல் அந்த மண்ணின் மக்களுக்குத் தரப்பட்ட வாக்குறுதிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. அதைப் பேச வேண்டியவர்கள் அவர்கள்.

என் மாநிலத்துக்கு வருகிறேன். பாங்கி சிலாங்கூரில் இருக்கிறது. சபாக் பெர்ணாமும் சிலாங்கூரில்தான் இருக்கிறது. காஜாங், பாலாக்கோங் வரை பரந்து கிடக்கும் பாங்கியில் மூன்று லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள் இருந்த அதே தேர்தலில், சபாக் பெர்ணாமில் இருந்தவர்கள் சுமார் 52,000 பேர். ஒரே மாநிலத்துக்குள் ஏறத்தாழ ஆறு மடங்கு வித்தியாசம். சபாக் பெர்ணாம் தென்னையும் செம்பனையும் நிறைந்த கிராமப்புறம் என்பதும், அங்குள்ளவர்களின் குரல் நகரத்தின் இரைச்சலில் அமுங்கிவிடக் கூடாது என்பதும் உண்மைதான். ஆனால் அங்கே படகேறிப் போக வேண்டிய வாக்காளர் யாரும் இல்லை. எல்லா ஊருக்கும் தார்ச்சாலை இருக்கிறது. ஆறு மடங்குச் சலுகையை நியாயப்படுத்தும் தூரம் எது, தடை எது என்று தேடிப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை.

புத்ராஜெயாவையும் சொல்ல வேண்டும். நாட்டின் நிர்வாகத் தலைநகரமான அதன் மொத்தப் பரப்பே சுமார் 49 சதுர கிலோமீட்டர்தான். ஏரியும் பூங்காவும் அகன்ற சாலையுமாகத் திட்டமிட்டுக் கட்டிய அந்த நகரத்தைக் கிராமப்புறம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். 2013 பொதுத் தேர்தலில் அங்கே 15,791 வாக்காளர்கள் இருந்தார்கள். அதே ஆண்டு எங்கள் பக்கத்துக் காப்பார் தொகுதியில் 144,159 பேர் இருந்தார்கள். கூட்டரசுப் பிரதேசம் என்பதால் புத்ராஜெயாவுக்குத் தனித் தொகுதி அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது, அதை ஆணையம் தன் பேனாவால் மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஒன்பது காப்பார்வாசிகள் சேர்ந்தால்தான் ஒரு புத்ராஜெயாவாசிக்குச் சமம் என்ற நிலையைப் பார்த்துவிட்டு, பரப்பளவுதான் காரணம் என்று யார் சொன்னாலும் நம்ப முடியவில்லை.

மாநிலங்களுக்கு இடையிலான பங்கீடும் இப்படித்தான் கோணலாக இருக்கிறது. ஜொகூரில் 26 நாடாளுமன்றத் தொகுதிகள், சிலாங்கூரில் 22. ஆனால் 2022இல் ஜொகூரின் வாக்காளர்களைவிடச் சிலாங்கூரின் வாக்காளர்கள் பத்து லட்சம் பேருக்கு மேல் கூடுதல். இதைச் சீர்செய்ய அரசமைப்பின் 46ஆவது விதியைத் திருத்த வேண்டும். அதற்கு மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. அது அரசியல்வாதிகளின் கடமை. ஆனால் ஒரு மாநிலத்துக்குக் கிடைத்த இடங்களை அந்த மாநிலத்துக்குள் எப்படிப் பங்கிடுவது என்பது முழுக்க முழுக்க உங்கள் பரிந்துரையில் தொடங்குகிற வேலை. பாங்கிக்கும் சபாக் பெர்ணாமுக்கும் நடுவிலான அந்த ஆறு மடங்கு யாருடைய பொறுப்பு என்று கேட்டால், நாடாளுமன்றத்தின் பக்கம் கையை நீட்டிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இந்த நாடு இப்படித் தொடங்கவில்லை என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். அரசமைப்பை வகுக்க அமைந்த ரீட் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 1957இன் மெர்டேக்கா (விடுதலை) அரசமைப்பு, சராசரிக்கு மேலோ கீழோ 15 விழுக்காட்டுக்கு மேல் எந்தத் தொகுதியும் விலகக் கூடாது என்று எண்ணாலேயே வரம்பு கட்டியிருந்தது. அந்த வரம்பைப் பின்பற்றி 1960இல் உங்களுக்கு முன்னிருந்த ஆணையம் 104 தொகுதிகளை 100ஆகக் குறைத்து ஒரு வரைபடம் தயாரித்தது. ஆளுங்கட்சிக்கு அது உவப்பாக இல்லை. 1962இல் அரசமைப்பைத் திருத்தி அந்த வரைபடத்தையே செல்லாதாக்கினார்கள். இறுதி முடிவெடுக்கும் அதிகாரத்தை ஆணையத்திடமிருந்து எடுத்து மக்களவையின் சாதாரணப் பெரும்பான்மைக்குக் கொடுத்தார்கள். கிராமப்புறத் தொகுதியில் நகரத் தொகுதியின் பாதி அளவு வாக்காளர் இருந்தாலே போதும் என்றார்கள். 1973இல் அந்தப் பாதிக் கணக்கும் போயிற்று. ‘ஏறத்தாழச் சமம்’ என்ற கருத்து மட்டும் அட்டவணையில் மிஞ்சியது. எவ்வளவு விலகினால் சமம் இல்லை என்று சொல்லும் எண் எதுவும் மிஞ்சவில்லை. இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம், 1960இல் தன் கடமையைச் செய்ததற்காகத் தண்டிக்கப்பட்ட அந்த ஆணையத்தின் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

வரம்பு போனால் என்ன நடக்கும் என்பதை 2013இல் நாடே பார்த்தது. மொத்த வாக்குகளில் ஏறத்தாழ 51 விழுக்காட்டைப் பெற்ற எதிர்க்கட்சிகளின் மக்கள் கூட்டணிக்கு 89 இடங்கள். 47 விழுக்காடு பெற்ற ஆளும் தேசிய முன்னணிக்கு 133 இடங்கள். பெரும்பான்மை வாக்காளர்கள் ஒரு பக்கம் நிற்க, பெரும்பான்மை இடங்கள் மறுபக்கம் போய்ச் சேர்ந்தன.

அதற்குப் பின் வந்த 2016–2018 எல்லைச் சீரமைப்பு இந்தக் கோணலைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன். சிலாங்கூரில் என்ன நடந்தது? சுமார் 85,000 வாக்காளர்களோடு இருந்த பெட்டாலிங் ஜெயா உத்தாரா, டாமன்சாரா என்று பெயர் மாறி 150,000 பேர் கொண்ட தொகுதியாகப் பெருத்தது. கிள்ளான் தொகுதியும் ஒன்றரை லட்சத்தை நெருங்கியது. 2022இல் அது இரண்டு லட்சத்தைத் தாண்டியும் விட்டது. எதிர்க்கட்சி எப்படியும் வெல்லும் என்று தெரிந்த இடங்களில் அதே மனப்போக்குள்ள வாக்காளர்களை மேலும் மேலும் கொண்டுபோய்க் குவித்தால், அவர்களின் கூடுதல் வாக்குகள் வெற்றி வித்தியாசத்தை மட்டும் கூட்டும். இன்னோர் இடத்தைத் தராது. அவர்கள் வெளியேறிய பக்கத்துத் தொகுதியோ ஆளுங்கட்சிக்கு எளிதாகும். எங்களைப் போன்ற கலவை மக்கள் வாழும் நாட்டில் இந்தக் குவிப்பு இன வாரியான பிரிப்பாகவும் முடிகிறது. ஒரு தொகுதி பெரும்பாலும் சீனர், இன்னொன்று பெரும்பாலும் மலாய்க்காரர் என்று ஆகும்போது, வேட்பாளர் எவரும் தன் இனத்தைத் தாண்டிப் பேச வேண்டிய கட்டாயம் குறைந்துபோகிறது.

இந்திய வாக்காளரின் நிலை இதில் தனி. இந்த நாட்டில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். எங்கள் வாக்குக்கு மதிப்பு இருப்பதெல்லாம், ஒரு தொகுதியில் நாங்கள் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் அளவுக்கு ஒன்றாக இருக்கும்போதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன பிறகு, மக்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். சிதறியும், கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்த இடத்தைச் சுற்றி ஓரளவு சேர்ந்தே குடியேறினார்கள். அந்தச் சிறு சேர்க்கையையும் ஒரு கோடு பிளந்துவிட்டால், இரண்டு தொகுதிகளிலும் எங்களைப் பொருட்படுத்த வேண்டிய அவசியம் எவருக்கும் இருப்பதில்லை.

எங்கள் தாமானில் நடந்ததும் அதுதான். செம்பனைத் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, லயத்தில் இருந்த குடும்பங்களுக்குத் தோட்டத்தின் ஓரத்திலேயே வீடுகள் கிடைத்தன. தோட்டத்து மாரியம்மன் கோயிலை நடுத்தெருவின் இந்தப் பக்கத்துக்கு மாற்றிக் கட்டினார்கள். தமிழ்ப்பள்ளிக்கு அந்தப் பக்கம் நிலம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் ஒரே ஊர். ஆடித் திருவிழாவுக்கு ஒரே வசூல் புத்தகம், சாவு விழுந்தால் ஒரே மரண சகாய நிதி. 2018க்குப் பிறகு அந்த நடுத்தெரு இரண்டு சட்டமன்றத் தொகுதிகளின் எல்லையாகிவிட்டது. கோயில் ஒருவருக்கும் பள்ளி இன்னொருவருக்கும் போயின. தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய கால்வாய் யாருக்குப் போயிற்று என்பது இன்னும் தீரவில்லை.

2021 டிசம்பர் 18 அன்று சிலாங்கூரை மூழ்கடித்த மழை எங்கள் தாமானையும் விடவில்லை. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு மெத்தை, சோபா, குளிர்சாதனப் பெட்டி என்று எல்லாம் வாசலில் சேற்றோடு குவிந்து கிடக்க, உதவிப் பொருள்களுக்காக ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் வரிசை பிடித்தோம். மேசையில் இருந்த இளைஞர் ஒவ்வொருவரின் அடையாள அட்டை எண்ணையும் கைப்பேசியில் தட்டி, எந்தத் தொகுதி என்று பார்த்தார். எனக்கு முன்னால் நின்றவர் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து என் குடும்பத்துக்குப் பழக்கமான பாட்டி. “பாட்டி, உங்க லோரோங் அந்தப் பக்கத்து தொகுதில வருது, அங்க போய்க் கேளுங்க” என்றார் அவர், மரியாதையாகத்தான். அந்தப் பக்கத்து மையம் எங்கே இருக்கிறது என்று பாட்டிக்குத் தெரியாது. போக வண்டியும் கிடையாது. இளைஞரின் கையில் இருந்த பட்டியலோ அந்த மையத்தின் தொகுதிக்கு மட்டுமானது. அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே கால்வாயில் பொங்கிய வெள்ளத்தில் நனைந்த இரண்டு வரிசை வீடுகளை, கையில் அரிசிப் பையோடு நிற்கும் ஒருவர் ‘இந்தப் பக்கம், அந்தப் பக்கம்’ என்று பிரிக்க நேர்ந்ததற்கு அந்தக் கோடுதான் காரணம்.

இது சில்லறை விஷயம் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. இந்த நாட்டில் நகராண்மைத் தேர்தல் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அறவே இல்லாமல் போயிற்று. கால்வாய் தூர்ந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் நாங்கள் வாக்குப் போட்டுக் கேள்வி கேட்கக்கூடியவர்கள் சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் மட்டுமே. கோலாலம்பூர்வாசிகளுக்கு 1974 முதல் சட்டமன்ற உறுப்பினரும் கிடையாது. உறுப்பினர்களின் ஒதுக்கீட்டுப் பணம் தொகுதி எல்லைக்குள்தான் செலவாகிறது. எனவே ஓர் ஊரை எங்கே வெட்டுகிறோம் என்பது, அந்த ஊரின் கால்வாயை யார் தூர்வாருவார் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. 13ஆவது அட்டவணை உள்ளூர்ப் பிணைப்புகளைக் காக்க வேண்டும் என்று உங்களைப் பணிக்கிறது. கோயிலும் பள்ளியும் மரண சகாய நிதியும் பிணைப்பு இல்லையென்றால் வேறு எது பிணைப்பு?

ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறதே என்று கேட்கலாம். வைத்திருக்கிறது. உத்தேச எல்லைகளை அரசிதழிலும் ஒரு நாளிதழிலும் அறிவித்து, காட்சிக்கு வைத்து, ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். மாநில அரசோ, ஊராட்சி மன்றமோ, அந்தத் தொகுதி வாக்காளர்கள் குறைந்தது நூறு பேர் சேர்ந்தோ ஆட்சேபித்தால், உள்ளூர் விசாரணை நடத்த வேண்டும். காகிதத்தில் நூறு என்பது சின்ன எண். எங்கள் தாமானில் அதற்காக வீடு வீடாக ஏறிய சிலரில் நானும் ஒருவன். ஆண்கள் பெரும்பாலோர் தொழிற்சாலையில் முறைவேலை. பகலில் போனால் தூங்குவார்கள், இரவில் போனால் வேலைக்குப் போயிருப்பார்கள். அடையாள அட்டை எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் பலர் தயங்கினார்கள். ஓர் அம்மா, இதில் பெயர் போட்டால் மாதாமாதம் வரும் உதவிப் பணம் நின்றுவிடுமா என்று கேட்டார். நிற்காது என்று நான் சொன்னேன். அவர் பேனாவைத் தொடவில்லை. அவருடைய அச்சத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது வாழ்க்கை கற்றுத்தந்த அச்சம். அதற்குமேல், கோடு எங்கே விழுகிறது என்று மக்களுக்குக் காட்டவே முதலில் தெரிய வேண்டுமல்லவா? வரைபடத்தைக் காட்சிக்கு வைக்கச் சொல்லும் சட்டம், அதில் தெருப்பெயர் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மாதம் முடிவதற்குள் எங்களால் நூறை எட்ட முடியவில்லை. எட்டாததால், எங்கள் ஊர் பிளவுபடுவதை நாங்கள் ஏற்றுக்கொண்டதாகச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

நீதிமன்றப் படி ஏறியவர்களாலும் எல்லையைத் தடுக்க முடியவில்லை. சிலாங்கூர் மாநில அரசே தொடுத்த வழக்கை 2017 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு மாநில அரசுக்கே முடியாததைத் தனி வாக்காளர் எப்படிச் சாதிப்பார்? ஆகவே கோடு விழுந்த பிறகு போராடுவதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. விழுவதற்கு முன்னால் பேசிவிட வேண்டும்.

2018இல் இத்தனைக்கும் பிறகு ஆட்சி மாறியதே, அப்படியானால் எல்லைகளால் என்ன கேடு வந்தது என்று கேட்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். மக்கள் அலையாகத் திரண்டதால் அன்று கரை உடைந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் அப்படி அலை எழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆட்சி மாறிய பிறகும் வரைபடம் மாறவில்லை; அதே எல்லைகளுக்குள்தான் 2022இலும் வாக்களித்தோம். இடையில் 2019இல் ஒருமனதாக நிறைவேறிய அரசமைப்புத் திருத்தம் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து, 18 வயது இளைஞர்களுக்கும் தானியங்கிப் பதிவுக்கும் கதவைத் திறந்தது. 2018இல் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த வாக்காளர் பட்டியல் இரண்டு கோடியைத் தாண்டியது. நல்ல மாற்றம்தான், ஆனால் வேலை தேடி இளைஞர்கள் வந்து குவியும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே பெருத்திருந்த தொகுதிகள் இதனால் மேலும் பெருத்தன. இன்னொன்றும் கவனித்தேன். பதிவு அடையாள அட்டை முகவரியைப் பின்பற்றுகிறது. என்னிடம் படித்த ஒரு பையன், பெற்றோரின் பழைய தோட்ட முகவரியை அட்டையில் வைத்திருந்ததால், இப்போது சரக்குக் கிடங்கு நிற்கும் அந்த இடத்தின் வாக்காளராகப் பதிவாகியிருக்கிறான். எல்லையை வரைய அமரும்போது உங்கள் மேசைக்கு வரும் எண்ணிக்கையில் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆணையம் பொதுமக்களின் நம்பிக்கையைப் பெற்றதாக அமைய வேண்டியதன் முக்கியத்துவத்தை, உறுப்பினர்களை நியமிக்கும் மாமன்னர் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 114ஆவது விதி சொல்கிறது. அந்த நம்பிக்கையைப் பெறும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது என்று நம்பிக் கீழ்க்கண்டவற்றைக் கேட்கிறேன்.

முதலாவதும் மிக முக்கியமானதும் இது. ஒரு கோடும் வரையும் முன்பாக, ஒரே மாநிலத்துக்குள் தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற உச்சவரம்பை எண்ணாகச் சொல்லி, பகிரங்கமாக அறிவியுங்கள். 1957இன் 15 விழுக்காட்டுக்குத் திரும்புவதே சிறப்பு. கிராமப்புறத்துக்குக் கூடுதல் சலுகை தேவை என்றால், அது எவ்வளவு, எந்தத் தொகுதிகளுக்கு, எந்தத் தூரத்தையும் வசதிக்குறைவையும் அளந்து என்பதையும் சேர்த்து அறிவியுங்கள். நகரத் தொகுதிக்கும் நகரத் தொகுதிக்கும் இடையே சலுகை என்ற பேச்சே எழக் கூடாது. இப்படி ஒரு வரம்பைத் தானாகவே கடைப்பிடிக்க ஆணையத்துக்கு எந்தச் சட்டத் தடையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருந்தால் அந்தத் தடையைக் காட்டுங்கள்.

உத்தேச எல்லைகளை வெளியிடும்போது, வாக்களிப்பு வட்டாரம் வரை தெருப்பெயர்களும் வாக்காளர் எண்ணிக்கையும் தெரியும் மின்வரைபடங்களை இலவசமாக, எவரும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய வடிவில் தாருங்கள். பழைய எல்லையையும் புதிய எல்லையையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் காட்டுங்கள். ஓர் ஊரோ தாமானோ கம்போங்கோ பிளக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும், ஏன் பிளக்க நேர்ந்தது என்று எழுத்தில் காரணம் சொல்லுங்கள். காரணம் எழுத முடியாத கோட்டை வரையாதீர்கள்.

ஆட்சேபம் தெரிவிக்கும் முறையை விளக்கும் கையேட்டை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் பள்ளிகளுக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் அனுப்புங்கள்; கையெழுத்திட்டவருக்கு எந்த அரசு உதவியும் அதனால் நிற்காது என்பதை அதில் தெளிவாக அச்சிடுங்கள். உள்ளூர் விசாரணைகளை மாலையிலும் வார இறுதியிலும், மக்கள் பேருந்தில் வந்துசேரக்கூடிய இடங்களில் நடத்துங்கள். ஏற்ற ஆட்சேபங்களையும் நிராகரித்த ஆட்சேபங்களையும் காரணத்தோடு பட்டியலிட்டு, இறுதி அறிக்கை பிரதமரிடம் போகும் அதே நாளில் எங்களுக்கும் கிடைக்கும்படி வெளியிடுங்கள். மக்களவை உறுப்பினர்கள் அதை வாக்குக்கு விடுமுன், தொகுதி மக்கள் படித்துத் தங்கள் உறுப்பினரிடம் பேசப் போதிய நாள்கள் இருக்க வேண்டும்.

சீரமைப்பு எப்போது தொடங்கும், எந்தக் கட்டம் எப்போது வரும் என்ற கால அட்டவணையையும் முன்கூட்டியே வெளியிடுங்கள். நாடாளுமன்றம் கலைவதற்குப் பத்து நாள் முன்பு புது எல்லை கைக்கு வரும் நிலை மறுபடியும் நேரக் கூடாது.

மாநிலங்களுக்கு இடையிலான இடப் பங்கீடு உங்கள் அதிகாரத்துக்கு வெளியே இருந்தாலும், சிலாங்கூரின் 22க்கும் ஜொகூரின் 26க்கும் உள்ள பொருத்தமின்மையை உங்கள் அறிக்கையில் வெளிப்படையாகப் பதிவு செய்யுங்கள். 46ஆவது விதியைத் திருத்த வேண்டியவர்கள் பிறகு தங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாமல் போகட்டும்.

இந்த மடலுக்கு எனக்குத் தனியாகப் பதில் வேண்டியதில்லை. உச்சவரம்பு எவ்வளவு என்ற அறிவிப்பை, எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
சிலாங்கூர் வாக்காளர் ஒருவர்